சுவருக்கு வண்ணம் அடித்தால் நகரம் கனவு காணுமா?

1

2017இல் சென்னைக்கு ஒரு பட்டம் கிடைத்தது. யுனெஸ்கோ 2004இல் தொடங்கிய படைப்பாக்க நகரங்களின் வலையமைப்பில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தார்கள். 2015இல் ஜெய்ப்பூருக்கும் வாரணாசிக்கும் அந்தப் பட்டம் வந்திருந்தது. பிறகு 2019இல் உணவுக்கு ஹைதராபாத், சினிமாவுக்கு மும்பை, 2023இல் இலக்கியத்துக்குக் கோழிக்கோடு என்று வரிசை நீண்டது. நல்லதுதான். பட்டம் கொடுத்தால் வாங்கி மாட்டி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதன்மேல் எனக்குப் பகையில்லை.

அந்தப் பட்டத்துக்குப் பின்னால் வளர்ந்துவரும் ஒரு பேச்சோடுதான் எனக்குச் சண்டை. நகரம் படைப்பூக்கத்தோடு இருக்க வேண்டும் என்றால் நாலு பாலத்தூணில் ஓவியம் வரை. வருஷத்துக்கு ஒருமுறை கலைவிழா நடத்து. பழைய கிட்டங்கியைச் செங்கல் தெரியச் சுரண்டி, உள்ளே ஏசி போட்டு, லேப்டாப் வைத்துக்கொள்ள மேசை போடு. இளைஞர்கள் தானாக வருவார்கள், அவர்கள் பின்னால் கம்பெனிகள் வரும், கம்பெனிகள் பின்னால் காசு வரும், ஊர் ஒளிரும். இதுதான் அந்தப் பேச்சின் சுருக்கம். ஸ்மார்ட் சிட்டி ஆவணங்களிலும் கட்டுமான நிறுவன விளம்பரங்களிலும் இதையே வெவ்வேறு வாசகங்களில் படிக்கிறேன். இன்ஸ்டாகிராமில் ‘வைப்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

இதன் மூலம் எங்கே என்று தேடினால் இரண்டு புத்தகங்களில் போய் நிற்கும். சார்ல்ஸ் லேண்ட்ரி 2000இல் படைப்பாக்க நகரம் பற்றி எழுதினார். 2002இல் ரிச்சர்ட் ஃப்ளோரிடா படைப்பாளி வர்க்கத்தின் எழுச்சி பற்றி எழுதினார். தொழில்நுட்பம், திறமை, சகிப்புத்தன்மை மூன்றும் இருக்கும் ஊருக்குப் படைப்பாளிகள் வருவார்கள், அவர்கள் வந்தால் ஊர் செழிக்கும் என்பது ஃப்ளோரிடாவின் வாதம். மேயர்களுக்கு இது அல்வா மாதிரி இனித்தது. பதினைந்து வருஷம் கழித்து, 2017இல், அதே ஃப்ளோரிடா இன்னொரு புத்தகம் எழுதினார். படைப்பாளிகள் குவிந்த அந்த நகரங்களில்தான் வாடகை ஏறியது, ஏற்றத்தாழ்வு கூடியது, ஊரை ஓட்டும் சாதாரண உழைப்பாளி வெளியே தள்ளப்பட்டான் என்று ஒப்புக்கொண்டார். அவரே இறங்கிவிட்ட பஸ்ஸில் நாம் இப்போதுதான் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டிருக்கிறோம்.

சகிப்புத்தன்மை என்று அவர் சொன்ன மூன்றாவது சொல்லை மட்டும் நம்மவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். அதற்கு வருகிறேன்.

2

இந்தக் கேள்வியை நான் கொல்லிமலையில் நின்று கேட்க விரும்புகிறேன். சிரிப்பு வரலாம். கொல்லிமலை எந்த வகையிலும் நகரம் இல்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டைஊசி வளைவு ஏறினால் வரும் மேட்டுநிலம். வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு என்று 14 ஊராட்சிகள். ஊராட்சிக்கே ‘நாடு’ என்றுதான் அங்கே பெயர். செம்மேட்டில் நாலு அரசு அலுவலகம், சோளக்காட்டில் ஒரு சந்தை. மலையாளிப் பழங்குடிகளின் ஊர். மிளகு, காபி, பலா, அன்னாசி, வாழை.

ஆனாலும் இதை எண்ணிப் பாருங்கள். ஸ்டார்ட்அப் கிடையாது, கலையரங்கம் கிடையாது, யாரும் பட்டம் தரவில்லை. இப்படிப்பட்ட ஒரு மலைதான் இரண்டாயிரம் வருஷமாகத் தமிழ்க் கற்பனைக்குத் தீனி போட்டிருக்கிறது. வல்வில் ஓரி இந்த மலைக்குச் சொந்தக்காரன். கொல்லிப்பாவை இந்த மலையில் நின்றவள். நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு, புறநானூறு எதைத் திறந்தாலும் எங்காவது கொல்லி எட்டிப் பார்க்கும். அப்படியென்றால் ஓர் இடம் கற்பனை செய்வதற்கு எது தேவை என்பதை இந்த மலையிடம் கேட்பதில் தப்பில்லையே?

முதலில் ஓரி. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தை வீழ்த்தியவன். ஒலிம்பிக் வீரன் மாதிரி. வருஷாவருஷம் ஆடி மாதம் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவிலும் வில்வித்தைப் போட்டிதான் முக்கியம். ஆனால் அந்த அம்புக் காட்சியைச் சொன்ன வன்பரணருக்கு அது முன்கதை மட்டும்தான். புறநானூற்றின் 152ஆம் பாட்டை நிதானமாகப் படித்தால் தெரியும். பாணர் கூட்டம் ஒன்று காட்டுவழியே போகிறது. ஒரு வேட்டைக்காரனைப் பார்க்கிறது. ஆள் யார் என்று தெரியாமலே வாத்தியங்களை எடுத்து அவன்முன் பாடுகிறது. தன் பெயர் வந்ததும் அவன் கூச்சப்படுகிறான். சுட்ட இறைச்சியும் கள்ளும் கொடுக்கிறான், தன் மலையின் பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான். என்னைப்பற்றி இன்னும் ரெண்டு பாட்டுப் பாடுங்கள் என்று கேட்கவில்லை. கைதட்டச் சொல்லி செல்ஃபி எடுக்கவில்லை.

அடுத்த பாட்டு, 153, இன்னும் பெரிய விஷயம். ஓரியிடம் போய்வந்த கூத்தர் கூட்டத்தைப்பற்றி வன்பரணர் சொல்கிறார். வெள்ளி நாரில் தொடுத்த மணிப்பூவும் யானையும் பரிசாகக் கிடைத்திருக்கின்றன. வயிறு நிறைந்திருக்கிறது. பசி போனதால்தானோ என்னவோ, வாத்தியம் முழங்கியும் அவர்கள் ஆடவில்லை, பாட்டையே மறந்துவிட்டார்கள் என்கிறார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தலைவனுக்குக் கொடுக்கக்கூடிய உச்சமான பாராட்டாகச் சொல்கிறார்.

இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். கலைஞனுக்குப் பசி இருந்தால்தான் கலை வரும் என்று சொல்லும் கூட்டம் இன்றைக்கும் இருக்கிறது. சாப்பாடு நிறைந்த மனிதர்கள்தான் பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். வன்பரணர் நேர் எதிராகச் சொல்கிறார். ஆடாமல் இருக்கும் உரிமையைக் கலைஞனுக்குக் கொடுத்த இடம்தான் பெரிய இடம். இன்றைக்கு ஒரு பறையிசைக் கலைஞருக்கோ தெருக்கூத்துக் கலைஞருக்கோ நம் கலைவிழாக்கள் அந்த உரிமையைக் கொடுக்கின்றனவா? மூன்று நாள் மேடை, பொன்னாடை, ஒரு காசோலை. நாலாவது நாள் அவர் நூறுநாள் வேலைக்குப் போகிறார். வருஷத்தில் மீதமுள்ள 362 நாளில் அவர் எங்கே குடியிருக்கிறார், பிள்ளை எங்கே படிக்கிறது, முட்டி வலிக்கு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காத நகரம் எத்தனை சுவரில் பறை படம் வரைந்தாலும் அதற்குக் கற்பனை இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓரியையும் கடவுளாக்க வேண்டாம். அதே புறநானூற்றில் 204ஆம் பாட்டு இருக்கிறது. கழைதின் யானையார் ஓரியிடம் போகிறார், கிடைக்கவில்லை போலிருக்கிறது. கொடுக்காதவனைப் பழிக்காமல், தான் கிளம்பிய வேளையையும் சகுனத்தையும் நொந்துகொள்கிறார். கடைசியில் ‘நீ நல்லா இரு’ என்று வாழ்த்திவிட்டுத் திரும்புகிறார். எனக்கு அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். வள்ளலை நம்பிய கலையின் கதி அதுதான். அவன் மனசு நல்லா இருக்கிற நாளில் யானை, இல்லாத நாளில் சகுனம். அந்த வள்ளலும் நிலைக்கவில்லை. திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டதாக அகநானூறு சொல்கிறது. வள்ளல் போனால் பாணன் கதி?

ஆகவே வள்ளல் போதாது. வள்ளல் மாறினாலும் மாறாத ஏற்பாடு வேண்டும். நூலகம், கல்லூரி, மலிவான பஸ், ரேஷன். இவற்றைப் படைப்பாக்க நகரம் பற்றிய அறிக்கைகளில் யாரும் கலைக்கணக்கில் எழுதுவதில்லை. நான் எழுதுவேன். 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அடுத்த வருஷமே ஆட்சி மாறி, அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். உயர்நீதிமன்றம் தடுத்ததால் நூலகம் பிழைத்தது. அன்றைக்கு அது கைவிட்டுப் போயிருந்தால், எத்தனை போட்டித்தேர்வுப் பிள்ளைகளும் ஆய்வு மாணவர்களும் உட்கார இடமில்லாமல் போயிருப்பார்கள்? சென்னையின் கற்பனையைப்பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வழக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

3

அடுத்தது பாவை.

கொல்லிப்பாவை ஒரு விசித்திரமான கற்பனை. தெய்வம் செய்து நிறுத்திய பெண்ணுருவம். காற்று அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அவள் வடிவம் குலையாது என்கிறது சங்கப்பாட்டு. பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பிலேயே உயிர் போகும் என்று மலையின் வழக்கு. இப்படி ஒரு பயங்கரத்தை நம் அகப்பாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காதலிக்கு உவமையாக்கினார்கள். ‘அவள் நிலா மாதிரி’ என்று சொல்வது சுலபம். ‘அவள் என்னைக் கொல்லக்கூடியவள்’ என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். அப்படிச் சொன்னவனைக் கல்லால் அடிக்காத ஊரும் வேண்டும்.

கற்பனை என்றால் அழகு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பயமுறுத்துவதும் கூசவைப்பதும் நம் வீட்டுக் குப்பையை நம் முன்னாலேயே கொட்டுவதும் கற்பனைதான். ஓர் ஊருக்குக் கற்பனை இருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனை போதும்: தனக்குப் பிடிக்காத கதையை அந்த ஊர் என்ன செய்கிறது?

இந்தச் சோதனை கொல்லிமலைக்குக் கீழே, அதே மாவட்டத்தில், நம் கண்முன்னே நடந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. குழந்தையில்லாத ஒரு தம்பதியின் கதை, திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவைப் பின்னணியாகக் கொண்டது. நாலு வருஷம் யாருக்கும் எந்தப் புண்பாடும் இல்லை. 2014 டிசம்பரில் திடீரென்று புண்பட்டது. பிரதிகளை எரித்தார்கள். 2015 ஜனவரியில் கடையடைப்பு. ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட அதிகாரிகள் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. எழுத்தாளர் நிபந்தனையில்லாமல் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். அதன்பிறகுதான் எழுத்தாளன் செத்துவிட்டான் என்ற முகநூல் அறிவிப்பு வந்தது. அவர் நாமக்கல்லை விட்டுச் சென்னைக்குப் போனார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பேச்சுவார்த்தை ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, எழுத்தாளர் எழுத வேண்டும் என்றது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத பாதிதான் எனக்கு முக்கியம். அந்த மனிதர் நாமக்கல்லில் என்ன செய்துகொண்டிருந்தார்? அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் வாத்தியார். வீட்டு மொட்டைமாடியில் ‘கூடு’ என்ற பெயரில் மாதாமாதம் ஒரு சந்திப்பு. மாணவர்களும் பழைய மாணவர்களும் வந்து உட்கார்ந்து ஒருவர் கட்டுரை படிக்க, மற்றவர்கள் பேசுவார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து வந்த புத்தகம்தான் 2013இல் வெளிவந்த ‘சாதியும் நானும்’. தன் வாழ்க்கையில் சாதி எப்படி வேலை செய்தது என்று அனுபவித்தவர்களே எழுதிய கட்டுரைகள். பின்னாளில் அம்பை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

நாமக்கல் எப்படிப்பட்ட ஊர் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லாரிக்கு பாடி கட்டும் ஊர், கோழிப்பண்ணை ஊர், பள்ளிக்கூடங்களில் மார்க் கறக்கும் ஊர். பக்கத்தில் திருச்செங்கோடு, நாடு முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்களின் ஊர். படைப்பாக்க நகரத்துக்கான எந்தப் பட்டியலிலும் இந்த ஊர்கள் வராது. ஆனால் அந்த மொட்டைமாடியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் தங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்காத விஷயத்தைக் காகிதத்தில் எழுதிப் பத்துப் பேர் முன்னால் சத்தமாகப் படித்தார்கள். ஒரு நகரத்தின் கற்பனைக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. அதற்கு என்ன செலவு? ஒரு மாடி, ஒரு பாய், டீ. ஊர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது. ஊர் அதைக்கூடச் செய்யவில்லை.

ஜேன் ஜேகப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1961லேயே எழுதினார், புதிய யோசனைகளுக்குப் பழைய கட்டடங்கள் வேண்டும் என்று. புதுக் கட்டடத்தின் வாடகையை, இன்னும் நிரூபணமாகாத யோசனையால் கட்ட முடியாது என்பது அவர் கணக்கு. நம் ஊரில் அந்தப் பழைய கட்டடம் என்பது டீக்கடை பெஞ்சும் மொட்டைமாடியும் தான். அவற்றை இடிக்க ஜேசிபி தேவையில்லை, ஓர் அமைதிப் பேச்சுவார்த்தை போதும்.

4

மலைக்குத் திரும்புவோம். சாமையைப்பற்றிப் பேச வேண்டும்.

‘கட்டுரை இலக்கியத்தைப்பற்றியா, விவசாயத்தைப்பற்றியா?’ என்று கேட்பவர்களுக்கு: ரெண்டும் ஒன்றுதான், பொறுங்கள். கொல்லிமலை மக்கள் சாமை என்ற ஒரே தானியத்தில் பல ரகங்களை வைத்திருந்தார்கள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று நாள் பிடிக்கும். ஒன்று ஒரு மண்ணுக்கு, ஒன்று வேறு சரிவுக்கு. மழை ஏமாற்றினால் எதாவது ஒன்று கை கொடுக்கும். இந்த விதைகளைப் பெரும்பாலும் பெண்கள்தான் எடுத்து வைத்தார்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாதபோது பல நாளைகளுக்குத் தயாராக இருப்பது. இதற்குக் கற்பனை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

பிறகு குச்சிக்கிழங்கு வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ பேக்டரிகளுக்கு மரவள்ளி வேண்டும். ரோடு வந்தது, லாரி வந்தது, கையில் காசு வந்தது. ரேஷனில் அரிசி வந்தது. சாமையை உரலில் குத்தித் தோல் நீக்குவது முதுகை முறிக்கும் வேலை, அதைப் பெண்கள் செய்தார்கள். அதை விட்டார்கள் என்று நான் குறைசொல்ல மாட்டேன். எவன் சொல்கிறானோ அவன் கையில் உலக்கையைக் கொடுங்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளில் அங்கே வேலை தொடங்கியபோது, விதையைக் காப்பாற்றுங்கள் என்று பேசுவதோடு நிறுத்தவில்லை. தோல் நீக்கும் சின்ன மில்களை ஊருக்குள் கொண்டுவந்தது. அதுதான் சரியான வரிசை. முதலில் முதுகுவலி, பிறகு பாரம்பரியம்.

இப்போது நகரத்தைப் பாருங்கள். 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். சென்னையிலும் கோவையிலும் சாமைப் பொங்கலும் தினை லட்டும் விற்கும் கடைகளில் ஓலைக்கூரை மாதிரி அலங்காரம், சுவரில் உலக்கை தொங்குகிறது. உலக்கை பிடித்தவளின் பெயர் எங்கேயும் இல்லை. மலையிலிருந்து நகரத்துக்கு எவ்வளவோ போயிருக்கிறது. மிளகு போனது, கிழங்கு போனது, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் போனது, ஓரியும் பாவையும் பாடப்புத்தகத்துக்குப் போனார்கள். மலைக்குத் திரும்பி வந்தது என்ன? வாரக்கடைசியில் பைக், டிரோன், 70 வளைவை மேலேயிருந்து காட்டும் ரீல்ஸ், ஆகாயகங்கை அருவிப் படிக்கட்டில் சிப்ஸ் பாக்கெட். மலையை நகரம் பார்க்கிறது. மலை தன்னைப்பற்றி என்ன நினைக்கிறது என்று கேட்க நகரத்துக்கு நேரமில்லை.

கேட்டால் ஆச்சரியமான ஒன்று கிடைக்கும். மலையாளிகள் தங்கள் பூர்வீகம்பற்றிச் சொல்லும் கதையில் அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். அண்ணன் தம்பி மூன்று பேர், ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள். அதாவது, ‘ஆதிவாசி அப்பாவி’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் மக்கள், ‘நாங்கள் ஒரு மாநகரத்தை விட்டு வந்தவர்கள்’ என்று கதை சொல்கிறார்கள். வரலாறாக அது எவ்வளவு நிற்கும் என்பது வேறு விவாதம். கதையாக அது நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. பாவையின் சிரிப்பு.

5

மலை சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் சென்னைக்கு வருவோம்.

2000ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாற்றங்கரைகளிலும் நகரின் உள்ளேயும் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். வேலை ஓரிடம், பள்ளி ஓரிடம், வீடு ஓரிடம் என்று ஆனது. அந்தக் கரைகளிலும் வடசென்னைத் தெருக்களிலும்தான் கானா பிறந்தது. சாவு வீட்டில், ராத்திரி முழுக்க, கிடைத்த பாத்திரத்தில் தாளம் போட்டுப் பாடிய பாட்டு. அது பக்கத்துப் பக்கத்து வீடுகளின் கலை. ஒருத்தன் பாட இன்னொருத்தன் எதிர்ப்பாட்டு எடுக்க வேண்டும். தெருவைக் கலைத்து ஆட்களை ஆளுக்கொரு மாடியில் வைத்தால் பாட்டு எங்கே போகும்?

2020இல் அதே கண்ணகி நகரின் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வரைந்தார்கள். அழகான ஓவியங்கள். வரைந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அங்கே வளரும் ஒரு குழந்தைக்குச் சாம்பல் சுவரைவிட அது ஆயிரம் மடங்கு மேல். என் கேள்வி நகரத்தை நோக்கியது. ஒரு மக்கள் கூட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் தள்ளிவிட்டு, பிறகு அவர்கள் சுவருக்கு வண்ணம் அடித்து, ‘கலை மாவட்டம்’ என்று பெயர் வைத்தால் கணக்கு நேராகிவிடுமா?

2017 கடைசியில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்கை எடுத்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைத் திரட்டியது. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் ஏறின. இட ஒதுக்கீட்டைப்பற்றி, மலக்குழி மரணத்தைப்பற்றி நேரடியாகப் பாடினார்கள். சென்னைக்கு இசை நகரப் பட்டம் கிடைத்ததும் இந்தக் குழு உருவானதும் கிட்டத்தட்ட ஒரே சமயம். பட்டத்தைக் கொண்டாடிய பேச்சில் எனக்குக் கேட்டதெல்லாம் மார்கழியும் சபாக்களும்தான். கர்னாடக சங்கீதம் பெரிய கலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நகரம் எந்தப் பாட்டைத் தன் பாட்டு என்று சொல்கிறது, எந்தப் பாட்டுக்குப் போலீஸ் அனுமதி கேட்கிறது என்பதில் அதன் கற்பனையின் அளவு தெரிந்துவிடும். 2015இலிருந்து ஊரூர் ஆல்காட் குப்பத்து விழாவில் மீனவக் குப்பத்துக்கே கச்சேரியும் பறையும் போனபோது நடந்ததும் இந்த எல்லையைத் தொட்டுப் பார்க்கும் முயற்சிதான். அப்படிப்பட்ட முயற்சிகளை நடத்தியவர்கள் தனிமனிதர்களும் சின்னக் கூட்டங்களும். மாநகராட்சிகள் பின்னால் வந்து, பாதியை மட்டும் நகலெடுத்தன.

6

‘எல்லாத்தையும் குறை சொல்றீங்க, என்னதான் செய்யணும்?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

விழாக்களை நிறுத்தச் சொல்லவில்லை. ஓவியங்களை அழிக்கச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறேன். கொல்லிமலையில் மில் முதலில் வந்ததுபோல, நகரத்தில் முதலில் வாடகை வரட்டும். ஒரு இளம் கவிஞரோ, இசைக்காரரோ, நாடகக்காரரோ மாதம் முப்பது நாளில் இருபத்தெட்டு நாளை வாடகைக்கே விற்றுவிட்டு மிச்சம் ரெண்டு நாளில் எழுத வேண்டியிருந்தால், அந்த ரெண்டு நாள் அவருக்குத் தூங்கத்தான் சரியாக இருக்கும். சாதி கேட்காமல், மதம் கேட்காமல், ‘தனியாப் பொண்ணா?’ என்று கேட்காமல் வீடு கொடுக்காத ஒரு தெருவில் எத்தனை இலக்கியத் திருவிழா நடத்தி என்ன? சகிப்புத்தன்மை என்று ஃப்ளோரிடா சொன்னதை நம் ஊரில் வீட்டு புரோக்கரிடம் போய்ச் சோதித்துப் பாருங்கள்.

அடுத்து, பேசும் இடம். ஒவ்வொரு ஊரிலும் கிளை நூலகம் இருக்கிறது. பலவற்றுக்குச் சாயங்காலம் பூட்டு. வேலைக்குப் போகிறவன் திரும்பி வரும்போது நூலகம் மூடியிருந்தால் அது யாருக்கான நூலகம்? ராத்திரி ஒன்பது மணிவரை திறந்து, மாதம் ஒருநாள் மாடியையோ முற்றத்தையோ பேச்சுக்கு விட்டால் போதும். யார் என்ன பேசப்போகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் விட வேண்டும். அதுதான் கஷ்டமான பகுதி. காசு ஆகாத பகுதியும் அதுதான்.

மூன்றாவது, பாதுகாப்பு. புண்பட்டோம் என்று ஒரு கூட்டம் வந்து நிற்கும்போது அதிகாரி எழுத்தாளரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவதா, கூட்டத்தைக் கூப்பிட்டுச் சட்டத்தைச் சொல்வதா? 2016 தீர்ப்பு விடையைச் சொல்லிவிட்டது. ஒரு மாவட்டத் தலைநகரம் அந்தத் தீர்ப்பின்படி நடந்துகாட்டினால், யுனெஸ்கோ பட்டியலில் சேராவிட்டாலும் நான் அதைப் படைப்பாக்க நகரம் என்பேன்.

நான்காவது, கொல்லிமலை மாதிரி இடங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது. வல்வில் ஓரி விழாவில் மலைக்கு வெளியேயிருந்து போகிறவர்கள் மேடையிலிருந்து பேசி மலை மக்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாட்டை ஒரு வருஷம் தலைகீழாக்கிப் பாருங்கள். 14 நாட்டு ஆட்கள் மேடையில், அதிகாரிகளும் எழுத்தாளர்களும் தரையில். காஞ்சிபுரத்து மூன்று அண்ணன் தம்பிகளின் கதையை ஒரு பாட்டி அவர் பேச்சில் சொல்லட்டும். விதைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் அந்தப் பெயர்களின் காரணத்தைச் சொல்லட்டும். அரியூர்நாட்டில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை தன் மலையைப்பற்றி ஒரு நாவல் எழுத நினைத்தால், ஓரியை அவள் கேலி செய்யலாம், பாவையின் பக்கம் நின்று வேட்டைக்காரனைத் திட்டலாம், தன் ஊர்ப் பெரியவர்களைப்பற்றி அவர்களுக்குப் பிடிக்காததை எழுதலாம். அப்படி அவள் எழுதிக் கொண்டுவரும்போது, கீழே நாமக்கல்லில் அவளுக்கு உட்கார ஒரு மொட்டைமாடி இருக்குமா, அடுத்த மாதமும் இருக்குமா?

அந்தப் பிள்ளைக்கு இன்னும் பெயரில்லை. அவளுக்காகத்தான் இந்தச் சண்டை. சுவருக்கு வண்ணத்தை அதற்குப் பிறகு அடித்துக்கொள்ளலாம்.